பையோடு வீட்டுக்கு அனுப்பும் தாள்

'ஃபோலீஸ் இன் சிட்டு. ரிவ்யூ ஆஃப்டர் ஒன் வீக்.'

மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் சிறுநீர்ப்பையைப் பற்றி இருந்தது இந்த ஒரு வரிதான். இந்தப் பதிவு அந்த வரியைப் பற்றிய விமர்சனம். நாவலையும் சினிமாவையும் விமர்சிக்கிற நாம் டிஸ்சார்ஜ் சம்மரியை ஏன் விட்டுவைக்கிறோம் என்று தெரியவில்லை. ஒரு குடும்பம் அதை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் படிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நாவலுக்குக்கூட அந்த வாசிப்பு கிடைக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்து, இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவன். இதில் மருத்துவ ஆலோசனை எதுவும் கிடையாது, படித்ததும் பார்த்ததும்தான். அப்பாவுக்கு 68 வயதில் மலக்குடலில் கட்டி என்று தெரிந்து, அதை எடுத்துவிட்டு மேல் குடலைக் கீழே இணைத்துத் தைக்கும் ஆபரேஷன் நடந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, சர்ஜன் கெட்டிக்காரர். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் சிலரிடமும் அவரவர் வீட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆஸ்பத்திரி. ஆனால் எழுத்து ஒரே மாதிரி. கட்டியின் அளவு, எடுத்த குடலின் நீளம், நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை, எந்த ஸ்டேப்லர் என்பதுவரை துல்லியமாக இருக்கும். சிறுநீர் விஷயத்துக்கு வந்தால் ஒரு வரி.

அந்த ஒரு வரியில் என்னென்ன இல்லை? டியூப் ஏன் இன்னும் இருக்கிறது என்ற காரணம் இல்லை. ஏற்கெனவே எடுத்துப் பார்த்து, சிறுநீர் போகாமல் திரும்பப் போட்டார்களா, அல்லது எடுத்தே பார்க்கவில்லையா என்பது இல்லை. டியூபின் அளவு, அது லேட்டக்ஸா சிலிகானா, உள்ளே பலூனில் எத்தனை மில்லி தண்ணீர், எந்தத் தேதியில் போட்டது, எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாரம் கழித்து யாரிடம் காட்டுவது என்பது இல்லை. சர்ஜனிடமா, யூராலஜிஸ்டிடமா? எங்கள் தொழிலில் இதற்கு 'ஓனர் இல்லாத டிக்கெட்' என்று பெயர். டிக்கெட் திறந்தே கிடக்கும். எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் தொடமாட்டார்கள்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 2000-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கேள்வி ரொம்ப எளிமையானது: உங்கள் நோயாளிக்கு டியூப் போட்டிருக்கிறதா? மருத்துவ மாணவர்களில் 21 சதவீத பதில்கள் தப்பு. பயிற்சி மருத்துவர்களிடம் 22, ரெசிடென்ட்களிடம் 27. தலைமை மருத்துவர்களிடம் 38. பதவி ஏற ஏற, டியூப் கண்ணில் படுவது குறைந்துகொண்டே போகிறது. வேண்டியதே இல்லாமல் போட்டிருந்த டியூப்கள்தான் இன்னும் அதிகமாக மறக்கப்பட்டிருந்தன. அதே மனிதர் பின்னால் எழுதிய இன்னொரு கட்டுரையில், நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடும் ஒற்றை முடிச்சு இந்த டியூப் என்ற பொருளில் ஒரு கேள்வி எழுப்புகிறார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் எழுந்து நட என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் பையை மாட்டி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை சரியாகப் புரியும்.

சரி, குடலில் ஆபரேஷன் செய்தால் சிறுநீர் ஏன் நிற்க வேண்டும்? தாளில் இல்லாத மிக முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறுநீர்ப்பைக்கு இரண்டு வேலை. சேர்த்து வைப்பது ஒன்று, காலி செய்வது ஒன்று. சேர்த்து வைக்கும் கட்டளை முதுகுத்தண்டின் கீழ் மார்பு, மேல் இடுப்புப் பகுதியிலிருந்து கிளம்பி, இடுப்பெலும்பின் விளிம்பில் வலைபோலக் கூடி, அங்கிருந்து வலமும் இடமுமாக இரண்டு நரம்புகளாகப் பிரிந்து இறங்குகிறது. காலி செய்யும் கட்டளை அதற்கும் கீழே, திருவெலும்பின் இரண்டு, மூன்று, நான்காவது துளைகளின் வழியாக வருகிறது. இரண்டும் மலக்குடலின் பக்கவாட்டில் ஒரு வலையில் சேர்ந்து, அதற்கப்புறம்தான் சிறுநீர்ப்பைக்குப் போகின்றன. அதாவது, சிறுநீர்ப்பைக்குப் போகும் ஒயரிங் எல்லாம் மலக்குடலின் சுவரை ஒட்டியே ஓடுகிறது. சுவரை இடித்துக் கட்டும்போது ஒயருக்கு என்ன ஆகும் என்று வீடு கட்டிய யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் இருந்த பில் ஹீல்ட் என்ற சர்ஜன் 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல், உறையோடு முழுசாக எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டி மறுபடி வருவதைக் குறைக்கத்தான் அதைச் சொன்னார். ஆனால் அந்த உறைக்கும் நரம்புகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அந்தத் தளத்திலேயே கத்தி போனால் நரம்பும் தப்பிக்கும். அதைப் புனிதத் தளம் என்றே பின்னால் பெயரிட்டார். அதற்கு முன்னால், 1908-ல் மைல்ஸ் வகுத்த ஆபரேஷன் காலத்திலிருந்து, மலக்குடலை ஆசனவாயோடு எடுத்தவர்களில் நிறைய பேருக்குச் சிறுநீர் நின்றுபோவது 'அப்படித்தான் இருக்கும்' என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். பின்னால் தாங்கிக்கொண்டிருந்த குடல் போனதால் சிறுநீர்ப்பையே பின்பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் தீரவில்லை. நெதர்லாந்தில் 1990-களின் பின்பாதியில் ஹீல்டின் முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஐந்து வருஷம் கேள்வித்தாள் வைத்துப் பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 38 சதவீதம் பேருக்கு நீண்டகாலச் சிறுநீர்க் கசிவு, ஏறக்குறைய 31 சதவீதம் பேருக்குக் காலி செய்வதில் சிரமம். ரேடியேஷன் காரணமாகத் தெரியவில்லை, ஆபரேஷனில் இழந்த ரத்தமும் நரம்புச் சேதமும்தான் காலியாக்கும் சிரமத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. இவர்களில் சிலருக்கு முன்பே அந்தப் பிரச்சினை இருந்திருக்கும், முழுப் பழியையும் சர்ஜன்மேல் போட முடியாது. ஆனாலும் மூன்றில் ஒருவர் அளவுக்கு வருகிற ஒரு விஷயத்துக்கு ஒரு வரி போதுமா என்பதுதான் என் கேள்வி.

எல்லாக் குடல் ஆபரேஷனும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றின் மேலே, பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்தவருக்கு அந்த நரம்புகள் பக்கத்திலேயே இல்லை. அவருக்குச் சிறுநீர் நின்றால் பெரும்பாலும் மயக்க மருந்து, வலிக்குப் போட்ட மார்ஃபின் வகை மருந்து, ஏற்கெனவே வீங்கியிருந்த புராஸ்டேட், படுத்தே கிடப்பது, இவைதான் காரணம். அவை தற்காலிகம்.

அடுத்து, எத்தனை நாள் டியூப் இருக்க வேண்டும் என்பது. விரைவாகத் தேற வைப்பதற்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று முதல் மூன்று நாள் என்கிறது. அபாயம் குறைந்தவர்களுக்கு முதல் நாளிலேயே எடுக்கலாம், கூடுதல் அபாயம் உள்ளவர்களுக்கு மூன்று நாள்வரை. இதற்குப் பின்னால் இருக்கும் ஆதாரங்களில் ஒன்று 1999-ல் பிரான்சிலிருந்து பெனுவாவும் சகாக்களும் வெளியிட்ட சோதனை. மலக்குடல் ஆபரேஷன் ஆன 126 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் நாளிலும் மறுபாதிக்கு ஐந்தாம் நாளிலும் எடுத்தார்கள். முதல் நாள் எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்குச் சிறுநீர் நின்றுபோனது, ஐந்தாம் நாள் எடுத்தவர்களில் 10 சதவீதம். தொற்று தலைகீழ்: முறையே 20, 42.

இந்த நான்கு எண்களை மேற்கோள் காட்டாத கட்டுரை இந்தத் துறையில் அபூர்வம். காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 'சீக்கிரம் எடு' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. 22 புள்ளி தொற்றையும் 15 புள்ளி சிறுநீர் அடைப்பையும் தராசில் வைத்தால், தராசு தொற்றின் பக்கம் சாய்வது சரிதான், இரண்டும் ஒரே எடை என்றால். தொற்றுக்கு மாத்திரை உண்டு. அளவுக்கு மீறி நிரம்பி விரிந்துபோன சிறுநீர்ப்பைத் தசைக்கு மாத்திரை கிடையாது. அது சுருங்கும் சக்தியை இழந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில சமயம் திரும்பாமலே போகும். அதே கட்டுரையிலேயே, கட்டி மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருந்தால் ஐந்து நாள் வைத்திருப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் சௌகரியமாக விட்டுவிடுவது அந்த வாக்கியத்தைத்தான். முதல் நாள் எடுப்பதில் தப்பில்லை. எடுத்தவருடைய சிறுநீர்ப்பையை அன்றைக்கு யாராவது ஸ்கேன் வைத்துப் பார்க்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகச் சேர்கிறது. ஒரு மாதம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். டியூபின் உட்சுவரில் பாசிபோல ஒரு படலம் கட்டி, அதற்குள் கிருமிகள் குடியிருக்கும்; ஆன்டிபயாடிக் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது. இதில் ஒரு வலை இருக்கிறது. காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை, அடிவயிற்று வலி இல்லை, ஆனால் பையிலிருந்து பிடித்துக் கொடுத்த சிறுநீரை கல்ச்சர் செய்து 'கிருமி ஏராளம்' என்று லேப் ரிப்போர்ட் வரும். உடனே ஊசி. இருக்கத்தான் செய்யும் கிருமிக்கு மருந்து கொடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்க்கிறோம். பையில் தேங்கிய சிறுநீரில் கல்ச்சர் எடுக்கவே கூடாது என்பது அடிப்படை. அறிகுறி இல்லாத கிருமிக்கு, ஒருசில விலக்குகள் தவிர, மருந்து வேண்டாம் என்பதும் அடிப்படை.

அப்பா வார்டில் இருந்தபோது ஒரு சிஸ்டர் வந்து சொன்னார்: "சார், ரெண்டு மணி நேரம் கிளாம்ப் போட்டு வைங்க, அப்புறம் தொறந்து விடுங்க. அப்பதான் பிளாடருக்குப் பழக்கம் வரும்." எந்த வார்டுக்குப் போனாலும் இதே மந்திரம்தான். கேட்கத் தர்க்கமாக இருக்கிறது, கையைக் கட்டுப்போட்டவனுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல. ஆனால் 2009-ல் வந்த அமெரிக்க அரசின் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல், எடுப்பதற்கு முன் கிளாம்ப் போடத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குறுகிய காலம் டியூப் இருந்தவர்களைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடும் கிளாம்பால் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. இதில் இன்னொரு அபாயமும் உண்டு. போட்டவர் மறந்துவிட்டால், தவிர்க்க நினைத்த அதே அளவுமீறிய விரிவுதான் நடக்கும். ஆபரேஷனில் உணர்வு நரம்பும் மரத்திருந்தால், நிரம்பியது நோயாளிக்கே தெரியாது.

உணர்வு மரத்துப்போவதுதான் இந்தக் கதையில் மோசமான பகுதி. ஒரு வாரம் கழித்து டியூப் எடுத்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வேட்டியிலும் சொட்டியது. பார்க்க வந்த சித்தப்பா, "அதான் நல்லா போகுதே, அப்புறம் என்ன?" என்றார். நிறைய வீடுகளில் ஏமாறுகிற இடம் இது. தொட்டி நிரம்பி வழிவதைக் குழாய் திறந்திருப்பதாக எடுத்துக்கொள்வது. அடிக்கடி, கொஞ்சமாக, முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால், போகிறது என்று அர்த்தமில்லை. அன்று ராத்திரியே கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தபோது, போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 640 மில்லி. ஒரு சாதாரண சிறுநீர்ப்பை மொத்தமாகப் பிடிப்பதே 400-லிருந்து 600 மில்லிதான். மீதி எவ்வளவு இருந்தால் சரி என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எண் கிடையாது, 100, 150, 200 என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 640 எந்தக் கணக்கிலும் சரியில்லை.

திரும்பவும் டியூப். "என்னடா, இது கூடவே வருமா?" என்றார் அப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

இந்த டியூபின் வயது தெரியுமா? அமெரிக்காவின் மினசோட்டாவில் ஃபிரெடெரிக் ஃபோலி 1930-களில் வடிவமைத்த அதே பலூன் வைத்த டியூப்தான் இன்றும். காப்புரிமைச் சண்டையில் அவர் தோற்று, அது பால் ரைச்சி என்பவருக்குப் போனது. பெயர் மட்டும் ஃபோலியிடம் நின்றுவிட்டது. அளவுக்கணக்கு அதைவிடப் பழசு, 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கருவிகள் செய்த ஷாரியேர் போட்டது. மூன்று எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம். 16-ஆம் எண் என்றால் ஐந்து மில்லிமீட்டரும் சொச்சமும். டியூபைச் சுற்றிக் கசிந்தால் பெரிய எண் போடச் சொல்வார்கள் சிலர். பெரும்பாலும் கசிவு சிறுநீர்ப்பையின் சுளுக்கினாலும் மலச்சிக்கலாலும், டியூப் மடங்கியதாலும் வருவது. பெரிய டியூப் சுளுக்கை இன்னும் கூட்டும்.

மலச்சிக்கல் என்றதும் ஞாபகம் வருகிறது. நீண்ட நாள் டியூப் இருக்கும் வயதானவர்களுக்குச் சில சமயம் பை ஊதா நிறமாக மாறிவிடும். பார்த்தவர்கள் பதறிப்போவார்கள். குடலில் தேங்கிய உணவின் ஒரு அமினோ அமிலத்தைக் கிருமிகள் உடைத்து, கல்லீரல் அதை மாற்றி, சிறுநீரில் உள்ள கிருமிகள் கடைசியில் அவுரிச் சாயமாக ஆக்குகின்றன. நீலமும் சிவப்பும் கலந்து ஊதா. குடலும் சிறுநீர்ப்பையும் பேசிக்கொள்வதற்கு இதைவிட வண்ணமயமான சாட்சி கிடையாது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் இரண்டுக்கும் வேறு வேறு மாடி.

விமர்சனத்தின் முக்கியப் புகாருக்கு வருகிறேன். நான் பார்த்த எந்தத் தாளிலும் மூன்றாவது வழி ஒன்று எழுதப்படவில்லை. டியூப் இருக்கும், அல்லது இருக்காது, இரண்டே நிலை. 1972-ல் மிச்சிகனில் ஜாக் லாபிடெஸ் எழுதினார்: நோயாளியே ஒரு நாளைக்குச் சில தடவை சின்ன டியூபை விட்டுக் காலி செய்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். கை சுத்தமாக இருந்தால் போதும், ஆபரேஷன் தியேட்டர் அளவுக் கிருமி நீக்கம் தேவையில்லை. அந்தக் காலத்தில் அது அடாவடி. அவருடைய வாதம், கிருமி உள்ளே போவதைவிட, விரிந்து ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீர்ப்பைதான் தொற்றுக்குக் காரணம் என்பது. அதற்கு முன் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக இங்கிலாந்தில் குட்மன் இதையே முழுக் கிருமி நீக்கத்தோடு செய்துவந்தார். லாபிடெஸ் அதை வீட்டு பாத்ரூமுக்குக் கொண்டுவந்தார். நரம்பு மெல்ல மெல்லத் தேறும் மலக்குடல் நோயாளிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பை இல்லை, நடக்கலாம், தேறுகிறதா என்பதும் தினமும் தெரியும்: ஒவ்வொரு தடவையும் மீதி எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதினால் போதும்.

ஏன் சொல்வதில்லை? நான் கேட்ட ஒரு ஜூனியர் டாக்டர் நேர்மையாகவே சொன்னார்: "சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும் சார். ஓபியில எங்க?" அதில் உண்மை இருக்கிறது. வெட்கமும் இருக்கிறது. அப்பாவிடம் யூராலஜிஸ்ட் இதைச் சொன்னபோது, "நானே எப்படிங்க?" என்று தலையைக் குனிந்துகொண்டார். சொல்லிக்கொடுத்தது அங்கிருந்த ஒரு ஆண் நர்ஸ், அப்பா வயதில் பாதி. "ஐயா, பல்லு விளக்குற மாதிரிதான். முதல் நாலு தடவை கஷ்டம்" என்றார். அவர் கணக்குத் தப்பவில்லை. ஒரு பழைய டைரியில் அப்பா எழுத ஆரம்பித்தார். மீதி 380, 350, 400, 290. மூன்றாவது மாதக் கடைசியில் 90, 70. அதற்கப்புறம் எழுதவில்லை, தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படித் தேறும் என்று சொல்லமாட்டேன், டச்சு எண்களைப் பார்த்த பிறகு சொல்லவும் முடியாது.

தாளில் இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பவற்றில் சில சின்னச் சின்ன விஷயங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். படுக்கும்போது பக்கத்தில் மெத்தைமேல் வைக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு; சிறுநீர் திரும்ப உள்ளே போகும். டியூபைத் தொடையோடு ஒட்டிவைக்க வேண்டும், இல்லையென்றால் பையின் எடை முழுக்க உள்ளே பலூனில் தொங்கும். ஆண்களுக்குச் சுத்தம் செய்துவிட்டு முன்தோலைத் திரும்ப இழுத்துவிட வேண்டும், மறந்தால் வீங்கி இறுகி அவசர கேஸ் ஆகிவிடும். இதை யாரும் வாயால் சொல்வதே இல்லை, வெட்கம்! டியூப் எடுத்த அன்று ஆறு மணி நேரத்துக்குள் நன்றாகப் போகவில்லை என்றால் எந்த நம்பருக்கு போன் செய்வது. குளிர் காய்ச்சல் வந்தால் எங்கே போவது. சிறுநீரோடு காற்றுக் குமிழி வந்தாலோ மலவாடை வந்தாலோ, அது சாதாரணத் தொற்று இல்லை, குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம், அன்றே சர்ஜனைப் பார்க்க வேண்டும் என்பது. சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீரை நிறுத்தும் என்பது.

இவ்வளவுக்கும் ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதினால் நல்லது. படிக்கப்போவது அம்மாக்கள்தான், ஸ்டேப்லரின் மாடல் நம்பரை அவர்கள் தேடப்போவதில்லை.

கடைசியாக, அந்தத் தாளால் சரிசெய்ய முடியாத ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவின் சிறுநீர்ப்பை எப்படி இருந்தது என்று யாரும் பதிவு செய்யவில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார், வேகம் எப்படி, போன பிறகு மீதி எவ்வளவு, ஒன்றும் இல்லை. இதற்கென்றே ஏழு கேள்விகள் கொண்ட, 35 மதிப்பெண் கணக்கு ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிஷத்தில் நிரப்பலாம். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். யூராலஜிஸ்ட் முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே "இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்பதுதான். அம்மாதான் பதில் சொன்னார், ஞாபகத்திலிருந்து.